காசு போச்சு, டிக்கெட் வரலை

கல்லூரியில் கடைசி வருட ப்ராஜெக்ட் என்றால் பாதிப் பேர் கையில் எடுப்பது ஏதாவது ஒரு ஆன்லைன் கடை. புத்தகக் கடை, டிபன் ஆர்டர், ஹாஸ்டல் கட்டணம், பஸ் டிக்கெட்... பெயர் மாறும், சங்கதி ஒன்றுதான். லாகின் பக்கத்துக்கு ஒரு வாரம், பொருள் பட்டியலுக்கு ஒரு வாரம், கலருக்கும் எழுத்துருவுக்கும் இரண்டு வாரம் போகும். 'பணம் செலுத்து' பட்டனை மட்டும் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரிக்கு ஒதுக்கி வைப்பார்கள். அதை அமுக்கினால் பச்சை டிக் போட்டு ஒரு 'நன்றி' பக்கம் வரும். அம்புட்டுதான். எக்ஸாமினரும் தலையாட்டிவிட்டு அடுத்த டீமுக்குப் போய்விடுவார்.

நிஜக் கடையில் அந்தப் பட்டன்தான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமான இடம். கோடு நீளம் என்பதால் இல்லை. ஸ்ட்ரைப் கம்பெனி ஆரம்பத்தில் பிரபலமானதே 'ஏழு வரி கோடு போதும்' என்ற பேச்சால்தான். ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ என்று இந்தியாவில் இருக்கும் கேட்வேக்களின் உதாரணக் கோடும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கஷ்டம் அந்த வரிகளுக்கு நடுவே இருக்கிறது. ஒருவருடைய பணம் அவர் கையை விட்டுப் போய்விட்டது, ஆனால் இன்னும் யார் கைக்கும் வந்து சேரவில்லை என்ற அந்தச் சில நொடிகளில் இருக்கிறது.

கைக்குக் கை

மளிகைக் கடையில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். ஒரு கையில் நோட்டை நீட்டுகிறார்கள், மறுகையில் பருப்புப் பொட்டலம் வருகிறது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இரண்டு பேர் கண்ணுக்கும் முன்னால் நடக்கிறது. அண்ணாச்சி காசை வாங்கிக்கொண்டு 'எனக்கு வரவே இல்லையே' என்று சொல்ல முடியாது. வாங்கினவரும் 'கொடுத்தேனே' என்று பொய் சொல்ல முடியாது.

ஆன்லைனில் இந்தக் 'கைக்குக் கை' என்பதே கிடையாது. கார்டு வைத்துப் பணம் கட்டினால் குறைந்தது ஆறு இடங்கள் சம்பந்தப்படுகின்றன. வாங்குபவரின் பிரௌசர், விற்பவரின் சர்வர், நடுவில் பேமென்ட் கேட்வே, விற்பவர் சார்பில் பணம் வாங்கும் வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மாதிரி ஒரு நெட்வொர்க், கடைசியில் கார்டைக் கொடுத்த வங்கி. கேள்வி ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டு கார்டு கொடுத்த வங்கி வரை போகும். 'சரி' என்ற பதில் அதே வழியில் திரும்பி வரும். எங்கே வேண்டுமானாலும் அது அறுந்து போகலாம்.

கேள்வி போகும்போது அறுந்தால் பிரச்னை இல்லை. பணம் எடுக்கப்படவில்லை, திரும்ப முயற்சி செய்யலாம். பதில் வரும்போது அறுந்தால்தான் தலைவலி. வங்கி கணக்கில் கழித்துவிட்டது, மொபைலுக்கு எஸ்எம்எஸ்ஸும் வந்துவிட்டது. கடைக்கு மட்டும் எதுவும் தெரியாது. கடையின் சர்வர் பக்கம் இருந்து பார்த்தால் இந்த இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: பதில் வரவில்லை.

வெற்றி, தோல்வி, தெரியவில்லை

ப்ராஜெக்ட்களில் பேமென்ட் டேபிளைத் திறந்து பார்த்தால் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு காலம் இருக்கும். அதில் இரண்டே மதிப்புகள். வெற்றி, இல்லையென்றால் தோல்வி. டைம்-அவுட் ஆனால் அதையும் தோல்வியில் தள்ளிவிடுவார்கள். முதல் ஓட்டை இங்கேதான். மூன்றாவதாக ஒரு நிலை கட்டாயம் வேண்டும்: இன்னும் தெரியவில்லை.

இது கோடு எழுதுபவரின் திறமைக் குறைவு மட்டும் இல்லை, கணினி அறிவியலின் பழைய புதிர் ஒன்று இதன் அடியில் இருக்கிறது. இரண்டு குன்றுகளில் இரண்டு தளபதிகள், நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இருவரும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் ஜெயிக்க முடியும். செய்தி அனுப்ப ஒரே வழி, பள்ளத்தாக்கு வழியாக ஆள் அனுப்புவது. ஆள் பிடிபடலாம். 'காலையில் தாக்குவோம்' என்று ஒருவர் சொல்லி அனுப்புகிறார். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிய பதில் வேண்டும். அந்தப் பதில் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய அதற்கொரு பதில் வேண்டும். முடிவே கிடையாது. 1970களில் எழுதப்பட்ட இந்தப் புதிருக்கு 'இரண்டு தளபதிகள்' என்று பெயர் வைத்தவர் ஜிம் கிரே, ஆண்டு 1978. செய்தி தொலைய வாய்ப்புள்ள வழியில் இரண்டு பேர் நூறு சதவீதம் நிச்சயத்தோடு ஒத்துப்போக எந்த முறையாலும் முடியாது என்பதுதான் அதன் முடிவு.

வங்கியும் கடையும் அந்த இரண்டு தளபதிகள்தான். ஆகவே 'பிரச்னையே வராத பேமென்ட்' என்று ஒன்றை யாராலும் எழுத முடியாது. பிரச்னை வந்த பிறகு உண்மையைக் கண்டுபிடிக்க வழி வைத்திருக்கும் பேமென்ட்டைத்தான் எழுத முடியும்.

அதற்கு முதல் வழி வெப்ஹுக். பணம் கட்டி முடித்ததும் வாங்குபவரின் பிரௌசர் கடையின் பக்கத்துக்குத் திரும்பி வருகிறது இல்லையா, அதை நம்பிக் கடை நடத்தக் கூடாது. ஓடிபி போட்ட கையோடு பஸ் சுரங்கப் பாதைக்குள் போயிருக்கலாம், போனில் சார்ஜ் தீர்ந்திருக்கலாம், யாராவது கூப்பிட்டு ஆப் மூடியிருக்கலாம். அதனால் கேட்வேயின் சர்வர் தனியாகக் கடையின் சர்வரைக் கூப்பிட்டு 'இந்த ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டது' என்று சொல்லும். கடை எடுக்காவிட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிடும். ஸ்ட்ரைப் மூன்று நாள் வரைகூட விடாமல் முயற்சி செய்யும்.

இரண்டாவது வழி, கடையே போய்க் கேட்பது. தெரியாத நிலையில் இருக்கும் ஒவ்வொரு ஆர்டரையும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை எடுத்து 'இது என்ன ஆச்சு?' என்று கேட்வேயிடம் விசாரிக்க ஒரு சின்ன ப்ரோக்ராம் போதும். பத்து வரி. ஆனால் டெமோவில் இது கண்ணுக்குத் தெரியாது என்பதால் யாரும் எழுதுவதில்லை.

ஐந்து நாளும் நூறு ரூபாயும்

'பணம் போனால் என்ன, திரும்பி வந்துவிடுமே' என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். 2019 செப்டம்பர் 20-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கார்டு வழியாக ஆன்லைனில் பணம் கட்டும்போது கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி போய்ச் சேரவில்லை என்றால், அந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு நஷ்டஈடு, அவர் கேட்காமலே தர வேண்டும். யுபிஐ வழியாகக் கடைக்குக் கட்டும் பணத்துக்கும் இதே ஐந்து நாள்தான். அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது விதி. பணம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதைத் திருப்பித் தர எந்த விதியாலும் முடியாது.

பரீட்சைக்கோ, மேற்படிப்புக்கோ விண்ணப்பம் போடக் கடைசி நாள், ராத்திரி பதினொன்றே முக்கால். கட்டணம் 1,000 ரூபாய். கணக்கில் இருப்பது 1,200. பணம் கழிந்துவிட்டது, இணையதளமோ 'கட்டணம் தோல்வி, மீண்டும் முயலவும்' என்கிறது. மீண்டும் முயல 200 ரூபாய்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் யாரிடம் கடன் கேட்பது? பன்னிரண்டு மணிக்கு வாசல் மூடுகிறது. ஐந்து நாள் கழித்து 1,000 ரூபாய் ஒழுங்காகத் திரும்பி வரும். வங்கி விதிப்படி நடந்துகொண்டது, கேட்வே விதிப்படி நடந்துகொண்டது, யார் மேலும் குற்றம் இல்லை. ஒரு வருடம் மட்டும் போய்விட்டது.

கையில் இரண்டு மூன்று கார்டு வைத்திருப்பவருக்கு இது ஒரு எரிச்சல். அடுத்த கார்டை எடுத்துத் தேய்ப்பார். ஒரே கணக்கில் மாதக் கடைசியில் மிச்சம் இருப்பதை வைத்துக் கட்டுபவருக்கு இது வேறு விஷயம். ஒரே கோடுதான், ஆளுக்கு ஏற்றபடி அடி மாறுகிறது.

சரி, கோடு எழுதுபவரால் இங்கே என்ன செய்ய முடியும்? நிறையவே முடியும். விண்ணப்பத்தை முதலில் பதிவு செய்துகொண்டு 'கட்டணம் உறுதியாகக் காத்திருக்கிறது' என்று வைக்கலாம். 'தோல்வி' என்று அவசரப்பட்டுச் சொல்லாமல், 'உங்கள் வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம், விண்ணப்பம் பத்திரமாக இருக்கிறது' என்று ஒரு வரி எழுதலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், கெடு எந்த நேரத்தைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுகிறது என்பது. வங்கி பணத்தைக் கழித்த நேரம் 11:46, உறுதி வந்து சேர்ந்தது 12:10 என்றால், 11:46-ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். டேட்டாபேஸில் எந்தக் காலத்தை ஒப்பிடுவது என்ற ஒரே ஒரு வரி முடிவு இது. ஒருவருடைய வருடம் அதில் தொங்குகிறது.

இரண்டு முறை அமுக்கும் விரல்

இதற்கு நேர் எதிரான பிரச்னையும் உண்டு. பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று பட்டனை மறுபடி அமுக்குகிறார்கள். யாராக இருந்தாலும் அமுக்கத்தான் செய்வார்கள். 'ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள், பேக் பட்டனை அமுக்காதீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போடுவது, கதவைச் சரிசெய்யாமல் 'மெதுவாகத் திறக்கவும்' என்று போர்டு மாட்டுகிற வேலை.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி அடையாளச் சாவி. அதே சாவியோடு கோரிக்கை இரண்டு முறை வந்தாலும் பத்து முறை வந்தாலும் வேலை ஒரு முறைதான் நடக்கும், மற்ற முறைகளுக்கு முதல் பதிலே திரும்பக் கிடைக்கும். இந்தக் குணத்துக்கு ஐடெம்பொடென்ஸி என்று பெயர். லிஃப்ட் பட்டன் மாதிரி. எத்தனை முறை அமுக்கினாலும் ஒரு லிஃப்ட்தான் வரும்.

வெப்ஹுக்குக்கும் இதே மருந்து வேண்டும். ஒரே செய்தி இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். 'பணத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது' என்ற செய்தி முதலிலும் 'பணம் வந்தது' என்பது பிறகும் வந்தால் சாதாரணக் கோடு குழம்பிப் போய்ப் பொருளை அனுப்பிவிடும். வந்த செய்தியின் அடையாள எண்ணைக் குறித்து வைத்து, ஏற்கெனவே பார்த்ததா என்று சரிபார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

யாரை நம்புவது

அடுத்தது திருட்டு. விலையைப் பிரௌசரிலிருந்து வாங்கிக்கொள்ளும் கடைகள் இன்றும் உண்டு. பக்கத்தில் ஒளிந்திருக்கும் 4,999 என்ற எண்ணை 49 என்று மாற்றி அனுப்ப, பிரௌசரில் எஃப்12 சாவி தெரிந்திருந்தால் போதும். தொகையை எப்போதும் சர்வரே தன் டேபிளிலிருந்து எடுத்து ஆர்டர் உருவாக்க வேண்டும்.

'பணம் வந்தது' என்ற செய்தியையும் சும்மா நம்பக் கூடாது. அந்த முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் அப்படி ஒரு செய்தி அனுப்பலாம். அந்தக் காலத்தில் ஓலைக்கு முத்திரை வைத்தது போல, கேட்வேக்கும் கடைக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியத்தை வைத்துச் செய்தியோடு ஒரு கையொப்பம் வரும். கடை தன் பக்கம் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஏற்க வேண்டும். இந்தச் சோதனையை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று கமென்ட் போட்டு விட்டுவிட்டுப் போன கடைகளில் இலவசமாகப் பொருள் வாங்கலாம்.

பைசா விவகாரமும் உண்டு. பெரும்பாலான கேட்வேக்கள் தொகையைப் பைசாவில் கேட்கும். 499 ரூபாய்க்கு 49900 என்று அனுப்ப வேண்டும். 499 என்று அனுப்பினால் 4 ரூபாய் 99 பைசா. பணத்தைத் தசமப் புள்ளி எண்ணாக வைத்தாலும் வம்பு. கணினியின் ஃப்ளோட் கணக்கில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. முழு எண்ணாகப் பைசாவில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஜப்பான் யென்னுக்குப் பைசாவே கிடையாது என்பதை மறந்து நூறால் பெருக்கினால் அது வேறு கூத்து.

கார்டு எண்ணைச் சேமிப்பது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனம் 2007-ல் தன் கணினிகளில் திருட்டு நடந்ததை அறிவித்தது. கடை ஒன்றின் பலவீனமான வைஃபை வழியாக உள்ளே புகுந்தவர்கள் எடுத்தது 4.5 கோடிக்கும் மேற்பட்ட கார்டு எண்கள். கார்டுத் தகவலுக்கான பிசிஐ பாதுகாப்பு விதிகள் 2004 டிசம்பரிலேயே வந்துவிட்டன. கார்டின் பின்னால் இருக்கும் சிவிவி எண்ணைப் பூட்டி வைத்தாலும், குறியாக்கம் செய்தாலும், பணம் அனுமதி ஆன பிறகு வைத்திருக்கவே கூடாது என்பது அதில் ஒன்று. இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் முழுக் கார்டு எண்ணைச் சேமிக்கவே முடியாது. அதற்குப் பதில் ஒரு டோக்கன்தான். அந்த டோக்கனைத் திருடினாலும் வேறு கடையில் அது செல்லாது.

ஓடிபி வந்த கதை

அமெரிக்கக் கட்டுரைகளைப் படித்துக் கோடு எழுதுபவர்கள் இந்தியாவுக்கு வந்ததும் திணறும் இடம் இது. அங்கே கார்டு எண், காலாவதித் தேதி, சிவிவி இருந்தால் பணம் போய்விடும். திருட்டுப் போனால் வங்கியிடம் சொல்லித் திரும்ப வாங்குவது அவர்கள் வழி. இந்தியா முன்கூட்டியே தடுக்கும் வழியை எடுத்தது. கார்டில் அச்சாகாத ஏதோ ஒன்றைக் கேட்காமல் ஆன்லைனில் பணம் எடுக்கக் கூடாது என்று 2009 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது. ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். முதலில் ஒரு தனிப் பாஸ்வேர்டாக இருந்தது, பிறகு ஓடிபியாக மாறியது. 2025 செப்டம்பரில் வந்த புதிய வழிகாட்டுதல்கள் ஓடிபி தவிர மற்ற முறைகளுக்கும் இடம் கொடுத்தன. இரண்டு அடுக்கு என்ற அடிப்படை மாறவில்லை.

இந்த ஒரு படி கூடியதால் அறுந்து போகும் இடமும் ஒன்று கூடியது. ஐஆர்சிடிசி 2002 ஆகஸ்ட்டில் ஆன்லைன் டிக்கெட் தொடங்கிய நாளிலிருந்து 'காசு போச்சு, டிக்கெட் வரலை' என்பது இந்திய இணையத்தின் தேசியப் புலம்பல். மக்கள் இதற்கு ஒரு தீர்வு வைத்திருந்தார்கள்: நம்பாமல் இருப்பது. 2007-ல் தொடங்கிய ஃபிளிப்கார்ட், பொருள் வந்ததும் காசு கொடுக்கும் முறையை 2010-ல் கொண்டுவந்தது. 'கைக்குக் கை' மறுபடி வந்துவிட்டது, அவ்வளவுதான். கடைக்காரர்களுக்கு அது செலவு, பொருள் திரும்பி வரும் ஆபத்து வேறு. ஆனாலும் ஜனங்கள் அதைத்தான் கேட்டார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

2014-ல் ஊபர் டாக்ஸி இரண்டாம் அடுக்கு இல்லாமலே கார்டிலிருந்து பணம் எடுத்துக்கொண்டிருந்தது, வெளிநாட்டு வங்கி வழியாக. பயணம் முடிந்ததும் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கலாம், வசதி. ரிசர்வ் வங்கி அந்த ஆகஸ்ட்டில் சுற்றறிக்கை விட்டு அந்த வாசலை மூடியது. நவம்பரில் ஊபர் பேடிஎம் வாலட்டுக்கு மாறியது. 2016-ல் யுபிஐ வந்த பிறகுதான் வசதியும் இரண்டாம் அடுக்கும் ஒன்றாகச் சேர்ந்தன. போனே ஒரு அடுக்கு, நான்கோ ஆறோ இலக்க ரகசிய எண் இன்னொரு அடுக்கு.

மாதா மாதம்

ஒரு முறை வாங்குவதில் இவ்வளவு. சந்தாவில்? அங்கே வாங்குபவர் எதிரில் இருப்பதே இல்லை. ஒரு நாள் 'சரி' என்று சொன்னார். அதற்குப் பிறகு மாதா மாதம் அவர் தூங்கும்போது பணம் போகிறது.

சந்தா மென்பொருளின் கணக்கு வெளியே தெரிவதை விடச் சிக்கலானது. 30 நாள் மாதத்தில் 300 ரூபாய்த் திட்டத்தில் இருப்பவர், பத்து நாள் கழிந்ததும் 600 ரூபாய்த் திட்டத்துக்கு மாறுகிறார். பழையதில் மிச்சம் 20 நாளுக்கு 200 ரூபாய் அவருக்கு வரவு. புதியதில் 20 நாளுக்கு 400 ரூபாய் பற்று. ஆக இன்றைக்கு வாங்க வேண்டியது 200. ஜனவரி 31-ல் சேர்ந்தவருக்குப் பிப்ரவரியில் 28-ம் தேதி பில். மார்ச்சில்? முந்தின பில் தேதியிலிருந்து கணக்கிட்டால் அவர் 28-லேயே காலத்துக்கும் மாட்டிக்கொள்வார். சேர்ந்த தேதியைத் தனியாக வைத்து அதிலிருந்து எண்ண வேண்டும். பணம் வராவிட்டால் எப்போது மறுபடி முயல்வது, எத்தனை முறை நினைவூட்டுவது, எப்போது சேவையை நிறுத்துவது என்பதற்குத் தனி விதிகள். இந்தத் தலைவலியை மட்டும் தனியாக எடுத்துச் செய்வதே ஒரு தொழிலாகிவிட்டது. சென்னையில் 2011-ல் தொடங்கிய சார்ஜ்பீ அப்படி வளர்ந்த கம்பெனிதான். அது கேட்வே இல்லை. கேட்வேக்களுக்கு மேலே உட்கார்ந்து யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று தீர்மானிக்கும் மூளை.

ஆனால் சந்தாவின் பெரிய கேள்வி கணக்கு இல்லை, சம்மதம். ஒரு வருடத்துக்கு முன் இலவச மாதத்துக்காக ஒருவர் கொடுத்த 'சரி' இன்றைக்கும் செல்லுமா? மறந்துபோனவரின் பணத்தில் ஓடும் வியாபாரம் உலகம் முழுக்க இருக்கிறது. அமேசான் பிரைமில் சம்மதம் இல்லாமல் சேர்த்ததாகவும் விலகுவதை வேண்டுமென்றே கடினமாக்கியதாகவும் அமெரிக்க வணிக ஆணையம் 2023-ல் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசம் செய்துகொண்டது. விலகும் வழிக்குக் கம்பெனிக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்', நீண்டு கிடக்கும் அந்தக் கிரேக்கக் காவியத்தின் பெயர். இந்தியாவிலும் 2023 நவம்பர் 30-ல் வந்த வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டன. சந்தாப் பொறி அதில் ஒன்று.

2021 அக்டோபர் 1 முதல் கார்டு வழித் தானியங்கிச் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கியின் புது விதி அமலானது. சந்தாவைப் பதிவு செய்யும்போது இரண்டாம் அடுக்கு கட்டாயம். ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும். எப்போது வேண்டுமானாலும் வாடிக்கையாளர் ரத்து செய்யலாம். 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. இந்த வரம்பு 2022 ஜூனில் 15,000 ஆனது. இன்சூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் மூன்றுக்கும் 2023 டிசம்பரில் ஒரு லட்சம் ஆனது.

அந்த அக்டோபரில் பெரிய ரகளை. தயாராகாத வங்கிகளும் கடைகளும் நிறைய. செய்தித்தாள் சந்தா, சர்வர் வாடகை, வெளிநாட்டு மென்பொருள் என்று வரிசையாக அறுந்தன. விதியைத் திட்டி எழுதாத கம்பெனி இல்லை. சின்னக் கம்பெனிகளுக்கு நிஜமாகவே அடி. தாங்கள் செய்யாத தப்புக்கு வாடிக்கையாளரை இழந்தார்கள். அதை மறுக்க முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. 'நாளைக்கு உங்கள் கணக்கிலிருந்து 199 ரூபாய் எடுக்கப்படும்' என்ற எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துப் பலர் முதல் முறையாக 'அட, இது இன்னும் ஓடிட்டிருக்கா?' என்று கேட்டார்கள். 2020 ஜூலையில் வந்த யுபிஐ ஆட்டோபேயில் ரத்து செய்யும் இடம் கடையின் இணையதளத்தில் தேட வேண்டிய மூலையில் இல்லை. பணம் கட்டுபவரின் ஆப்பிலேயே இருக்கிறது. குழாயின் திருகு தண்ணீர் விற்பவர் வீட்டிலிருந்து வாங்குபவர் வீட்டுக்கு வந்துவிட்டது. இந்த விதியால் ஒரு சந்தா நின்றுபோனால், அது தொழில்நுட்பக் கோளாறால் நின்றதா, இல்லை அந்த ஆளுக்கே வேண்டாம் என்பதால் நின்றதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் 'இழப்பு' என்று எழுதும் கம்பெனி, மறதியையும் தன் வருமானத்தில் சேர்த்து வைத்திருந்தது என்றுதான் அர்த்தம்.

கணக்குப்பிள்ளை

பழைய ஜவுளிக் கடைகளில் ஒரு கணக்குப்பிள்ளை இருப்பார். கடை சாத்தின பிறகு கல்லாவில் இருப்பதையும் பேரேட்டில் இருப்பதையும் ஒப்பிடுவார். ஒரு ரூபாய் உதைத்தாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போக மாட்டார். குறைந்தால் மட்டும் இல்லை, கூடினாலும் போக மாட்டார். கூடுதல் ஒரு ரூபாய் என்றால் யாரோ ஒருவருக்கு மீதி கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

ஆன்லைன் கடைக்கும் இதே ஆள் வேண்டும், ஒரு ப்ரோக்ராம் வடிவத்தில். தினமும் ராத்திரி கேட்வே தரும் பட்டியலையும் கடையின் ஆர்டர் டேபிளையும் வரிசை வரிசையாக ஒப்பிட வேண்டும். ஆர்டர் இருந்து பணம் இல்லாதவை ஒரு பக்கம். அவற்றைத் தேடிப் பிடிக்கக் கடைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பணம் இருந்து ஆர்டர் இல்லாதவை இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பட்டியலைப் பார்க்கும் கடைகள்தான் குறைவு. அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும், எங்கேயோ ஒருவர் வங்கி எஸ்எம்எஸ்ஸைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பது.

அவர் போன் செய்தால் 'எங்க பக்கம் எதுவும் வரலைங்க, உங்க பேங்க்கைக் கேளுங்க' என்று பதில் கிடைக்கிறது. வங்கியைக் கேட்டால் 'நாங்க அனுப்பிட்டோம், கடையைக் கேளுங்க' என்பார்கள். இரண்டு தளபதிகளும் அவரவர் குன்றில் சௌக்கியமாக இருக்கிறார்கள். பள்ளத்தாக்கில் நிற்பது அந்த ஆள் மட்டும்தான்.

அடுத்த முறை யாராவது ப்ராஜெக்ட் டெமோவில் பச்சை டிக் காட்டினால், ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓடிபி போட்ட அடுத்த நொடி வைஃபையை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். கடைக்கு அந்த ஆர்டர் நினைவில் இருந்தால் அது தேறிவிட்டது. 'மீண்டும் முயலவும்' என்று வந்தால் லாகின் பக்கத்தின் கலரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.